லிக்டன்ஸ்டைன் ராணுவம்

இன்று சுவிசின் ஷ்லீரன் நகரத் தமிழ்க் கடையில் தில்லை அண்ணை இரண்டு இளம் பிள்ளைகளுக்கு வீரக்கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"எண்பத்தஞ்சில கள்ளமா எல்லை கடந்து லிக்டன்ஸ்டைனுக்குப் போனனான். ஆமிக்காரன் சுட்டவன். குண்டு காதுக்குப் பக்கத்தால போச்சுது."

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

அன்று அவருடன் போனவன் நான்.

எங்களைப் போல அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்கள் சுவிசை விட்டு வெளியேறக் கூடாது. அந்தப் பயத்தில், பஸ் எல்லையிலுள்ள ரைன் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் இவர் சீட்டுக்கடியில் படுத்துவிட்டார். மயங்கிவிட்டார் என்று நினைத்த ஒரு சுவிஸ் அம்மா பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, வாயில் பெப்பர்மின்ட் திணித்தார். எல்லையில் ஒரு காவலாளிகூட இல்லை. தலைநகர் வாடூஸில் இறங்கி, சுவிஸ் பிராங்கிலேயே கோப்பி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

"அண்ணை, அந்த நாட்டுக்கு ஆமியே இல்லையே," என்றேன்.

"அது உமக்குத் தெரியாது. ரகசியமா வைச்சிருந்தவங்கள்."

எங்கள் ஊரில் உண்மையாகவே ஆமியின் குண்டு பட்ட கடைக்காரர், நொண்டியபடி வந்து என் கறிவேப்பிலையை நிறுத்துத் தந்தார்.

உங்கள் ஊர்த் தமிழ்க் கடையில் நிற்கும் வீரரை எந்த நாடு சுட்டது? ராணுவம் உள்ள நாடா, இல்லாத நாடா?