சொந்தக்காரர் இல்லாத தலைநகரம்

அக்கா சிவப்புப் பேனையால் ஒஸ்லோவை வெட்டியது இன்னமும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் நாங்கள் இருவரும் வேலை செய்த விமான டிக்கெட் கடையில், மழையால் ஒரு சனமும் எட்டிப் பார்க்காத மத்தியானம் அது. ஐரோப்பா வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, கடலோரத் தலைநகரங்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தார். ஒஸ்லோவில் மாமியின் மகள். கோபன்ஹேகனில் கணவரின் தம்பி. டப்ளினில் ஊரில் அடுத்த வீட்டில் இருந்தவர்கள். லண்டனில் கடல் இல்லை. ஆனாலும் அதையும் ஒரு கோபத்தில் வெட்டினார், ஏனென்றால் அங்கே கணவரின் அக்கா இருந்தார். மிஞ்சியது லிஸ்பன். “இஞ்சை எங்களுக்கு ஒரு காக்கா குருவியும் இல்லை” என்று சொல்லி, அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பக்கத்து மேசைக்காரி, கடையில் எல்லோருக்கும் அக்கா. அவர் பயணம் போகாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, செத்தவீடு என்று பாதி ஐரோப்பாவை மிதித்தவர். ஆனால் எந்த ஊரிலும் ஒரு மண்டபத்தையும் ஒரு குசினியையும் தவிர வேறெதையும் கண்டதில்லை. போய் இறங்கிச் சேலை மாற்றுவதற்குள் கையில் கத்தியும் முன்னால் ஒரு பை வெங்காயமும் வந்துவிடும். “வெங்காயம் உரிக்கிறதெண்டால் நான் பியர்ஃபித்தில எங்கட வீட்டிலயே இருந்து உரிப்பன்தானே” என்பார். முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, நாலு நாள், யாருக்கும் மச்சாளாகவோ மாமியாகவோ இல்லாமல், கணவரோடு ஒரு ஊரைச் சும்மா சுற்றிப் பார்க்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

திட்டம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் வளர்ந்தது. முதல் நாள் குன்றின் மேலிருக்கும் கோட்டை. இரண்டாம் நாள் ஆறு கடலில் விழுகிற இடத்தில் நிற்கிற பழைய கோபுரம். அந்த ஊர் முழுக்க ஏற்றமும் இறக்கமும் என்று எங்கேயோ வாசித்துவிட்டு, மேலே ஏறுவதற்கு மஞ்சள் ட்ராம், இறங்குவதற்குத்தான் கால் என்று முடிவு செய்தார். மூன்றாம் நாள் முழுவதும் கடல். அதற்கு எதிரே வேறொன்றும் எழுதவில்லை. ஒருவருக்கும் சொல்லாதே என்று என்னிடம் கையடித்துச் சத்தியமும் வாங்கினார்.

என் நாக்கில் சனி இருந்திருக்க வேண்டும். லண்டனுக்கு டிக்கெட் எடுக்க வந்த ஒரு அம்மாவிடம், “எங்கட அக்காவும் லிஸ்பனுக்குப் போறா” என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா? பொழுதுபடுவதற்குள் அக்காவுக்கு லண்டன் மச்சாளின், அதாவது கணவரின் அக்காவின், தொலைபேசி வந்தது. மச்சாளுடைய மருமகனின் சிநேகிதனுக்குத் தெரிந்த ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் லிஸ்பனில் இருக்கிறாராம். ஏதோ உணவகத்தில் கோப்பை கழுவுகிறாராம், தனி ஆளாம். “ஒண்டுக்கும் யோசியாதை. எயார்போட்டுக்கு அவர் வருவார். ஹோட்டலை நிப்பாட்டிப்போட்டு அவரின்ர வீட்டில நில்லுங்கோ” என்று மச்சாள் சொன்னது பக்கத்து மேசையிலிருந்த எனக்கே கேட்டது. அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உன்ர வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஏலாதே?” என்று கேட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

போய்விட்டுத் திரும்பி வந்தபோது ஒரு பெட்டி முட்டைப் பலகாரமும், தொலைபேசி நிறையப் படங்களும் கொண்டுவந்தார். கோட்டை, ட்ராம், கோபுரம் எல்லாம் இருந்தன. ஒரு படத்தில் அக்கா சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அலைக்குள் நின்று வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கண்டதே இல்லை. அந்த மனிதர் என்ன ஆனார் என்று பயந்து பயந்து கேட்டேன். “ஆளைக் காணேல்லை” என்றார். அப்பாடா, என் பாவம் கழிந்தது என்று நானும் அத்தோடு விட்டுவிட்டேன்.

ஒரு கிழமை போயிருக்கும். கடையில் இருக்கும்போது அக்காவின் தொலைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவரின் முகம் வெளிறிப்போனது. “பரவாயில்லைத் தம்பி, பரவாயில்லை” என்று மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அந்த லிஸ்பன் மனிசன். மச்சாள் ஆளை நல்லா ஏசிப்போட்டாவாம். ‘மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, நான் பிழையான வாசலில நிண்டிட்டன் போல’ எண்டு சொல்லுது.”

“ஆளைக் காணேல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

“எயார்போட் வாசலில அந்த மனிசன் கடதாசியில எங்கட பேரைத் தமிழில எழுதிப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. வெள்ளைச் சேட்டு, ஒரு கசங்கல் இல்லாமல் மினுக்கிப் போட்டிருந்தது. நான் வாசிச்சனான். வாசிச்சுப்போட்டுத்தான் மற்றப் பக்கத்தால போனனான். இவரும் கண்டவர். ஒண்டும் கேக்கேல்லை, பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால வந்தவர்.”

அக்கா செய்தது பிழை என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். நின்று பேசியிருந்தால் அந்த நாலு நாளும் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்த மனிதர் தன் கட்டிலை விட்டுக்கொடுத்து நிலத்தில் படுத்திருப்பார். அக்காவால் சும்மா இருக்க முடியாது; குசினிக்குள் போயிருப்பார். கடலுக்குப் போவது நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போயிருக்கும். அப்படியென்றாலும், வேலைக்கு லீவு போட்டுச் சேட்டை மினுக்கிக்கொண்டு வந்த ஒருவர், தான்தான் பிழை விட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்கிறாரே! வாயைத் திறந்து தொடக்கிவைத்தவள் நானல்லவா?

அக்கா இப்போது வேலைக்கு வருவதில்லை. சத்திரசிகிச்சை முடிந்து பியர்ஃபித்தில் வீட்டோடு இருக்கிறார். இந்த வசந்தத்தில் நானும் என் கணவரும் லிஸ்பனுக்குப் போகத் திட்டம் போடுகிறோம். எந்த நாள் எங்கே போகலாம் என்று கேட்க நேற்று அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். உற்சாகமாகத்தான் சொன்னார். கோட்டைக்குக் காலையிலேயே போய்விடு, ட்ராமில் கைப்பையைக் கவனமாகப் பிடித்துக்கொள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, பேனையை எடு என்றார்.

“ஒரு நம்பர் சொல்லுறன், எழுது” என்றார். எழுதினேன். லிஸ்பன் நம்பர்.

“போய் இறங்கின உடன எடு. ஒரு நேரமாவது அவரோட இருந்து சாப்பிடு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்டைக்கு அவர் சரியான வாசலிலதான் நிண்டவர் எண்டு சொல்லு. நான் சொன்னனெண்டே சொல்லு” என்றார்.