காலை ஆறரைக்குப் பயிருக்குக் காய்ச்சல் இல்லை

இன்று ஒரு நெல்வயலுக்குக் காய்ச்சல் பார்த்தேன். சிரிக்காதீர்கள். கொரோனா காலத்தில் வாங்கி, பீரோவில் தூங்கிய அந்தத் துப்பாக்கி தெர்மாமீட்டர்தான் கருவி.

யோசனை மகளுடையது. ராஜஸ்தானில் கோதுமை ஆராய்ச்சியில் இருக்கிறாள். வறண்ட நிலத்தில் எந்தக் கோதுமை நன்றாக விளையும் என்று அறுவடைக்கு முன்பே கணிக்க, இலையின் சூட்டை அளப்பார்களாம். வேர் தண்ணீர் உறிஞ்சினால் இலை வியர்த்துக் குளிரும், மணி பிடிக்கும். தண்ணீர் கிடைக்காத செடி கொதிக்கும்... பதர்தான் மிஞ்சும்.

"நெல்லுக்கும் பொருந்தும்ப்பா. ஆனா உச்சி வெயில்லதான் அளக்கணும். விடியக்காலம் எல்லா இலையும் குளுந்துதான் கெடக்கும்" என்றாள்.

என் மண்டையில் பாதிதான் நின்றது.

பூதப்பாண்டி பக்கம், கால்வாயின் கடைசி வயல் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கப்பன் அண்ணனுடையது. கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் வரவில்லை. வறட்சி நிவாரணத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். அதிகாரி பார்வையிட வந்தார் – எப்போது? காலை ஆறரைக்கு. வெயில் அவருக்கு ஆகாதாம்.

மதியமானால் பாய்போலச் சுருண்டுகொள்ளும் இலைகள், அப்போது பனியில் நனைந்து விரிந்து நின்றன. அவர் பைக்கைவிட்டு இறங்கவே இல்லை.

"பயிரு பச்சப்பசேல்னு நிக்குதுல்லா. இதுல எங்க வறட்சி?"

சும்மா இருந்தேனா? "சயின்டிஃபிக்கா பாத்துருவோம் சார்" என்று துப்பாக்கியை இலைக்கு நீட்டினேன். திரையில் 'லோ'.

"நீங்களே அளந்து காட்டிட்டீங்க. சூடே இல்ல." 'பாதிப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"மக்கா, நீ வாயப் பொத்திட்டு நின்னிருந்தா, நான் அவரு கால்லயாவது விழுந்திருப்பேன்" என்றார் அண்ணன்.

உச்சி வெயிலில் மறுபடி போனேன். மதகடியில் தண்ணீர் பாய்ந்த வயலில் 'லோ'. அண்ணன் வயலிலோ நாற்பதைத் தொட்டது. எனக்கு அப்படி அடித்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருப்பார்கள். கதிரை நசுக்கினேன். வெறும் உமி.

நேராக ஆபீஸ். ஃபேனுக்கு அடியில் இருந்த அதிகாரியிடம் சொன்னேன், பிறகு கத்தினேன்.

"சார், அந்த மெஷின உங்க நெத்தியில வச்சிப் பாருங்க. சூடு அங்கதான் கூடுதல்" என்றார்.

கூடுதல்தான் ஐயா. நோயாளி துடிக்கும்போது வராமல், கண்ணயர்ந்த நேரத்தில் எட்டிப் பார்த்து 'வலி இல்லை' என்று எழுதும் டாக்டரை என்ன செய்வோம்? அந்தப் பயிர் செய்த குற்றம், ராத்திரி கொஞ்சம் இளைப்பாறியது. ஒரு மனிதருக்கு வெயில் ஆகாது என்பதற்காக, ஒரு போகத்து உழைப்பு கருகவே இல்லை என்று ஆகிவிடுமா?

நான் நகர்வதாக இல்லை என்று தெரிந்ததும் இறங்கிவந்தார். "செரி, மறுபடி வந்து பாக்கேன். நாளைக்கு விடியக்காலமே வாறேன்."

வரட்டும். அண்ணி தோசைக்கும் ரசவடைக்கும் ஊறப்போட்டாயிற்று. உச்சி வெயில் ஏறும்வரை அவர் பைக் சாவி என் சட்டைப் பையில்தான்.