யோகன் அண்ணன் கூப்பிட்ட அந்த மத்தியானம்

அந்த ஹெட்போனைப் போட்டா காதெல்லாம் வேர்த்து ஊத்தும். உள்ளுக்கு எந்த நேரமும் "உஸ்ஸ்ஸ்" எண்டு ஒரு இரைச்சல்...

சுனாமி அடிச்சு ஒரு மாசம்கூட ஆகல்ல. மட்டக்களப்பு டவுன்ல ஒரு நிவாரண ஒஃபிஸில நான் ரேடியோ ஒப்பரேட்டர். இருவத்திரெண்டு வயசு, முதல் வேலை.

கதிரவெளி அகதி முகாமில மற்ற ரேடியோ செட்டில வேலை செஞ்சவர் யோகன் அண்ணன். முந்தி மீன்பிடிக்காரர். தோணி, வலை, வீடு எல்லாம் கடலோட போயிட்டு. அந்தப் பக்கம் அப்ப ஃபோன் சிக்னலே இல்ல. மணிக்கொருக்கா ரேடியோவில கூப்பிடுவார். "தங்கச்சி, கேக்குதா? சாப்பிட்டியா புள்ள?"

அண்டைக்கு நல்ல வெயில். பன்னெண்டரை, ஒரு மணி இருக்கும்... திடீரெண்டு அந்த இரைச்சலே இல்ல. கதிரவெளியும் இல்ல. கொழும்பில இருக்கிற எங்கட பெரிய ஒஃபிஸைக் கூப்பிட்டன், அதுவும் எடுபடல்ல. வயரை ஆட்டிப் பாத்தன். ஓஃப் பண்ணி ஓன் பண்ணினன். ஒண்டுமில்ல.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல அப்பிடியே கிடந்து, தானா வந்திட்டு.

அந்த நேரம் பாத்து முகாமில ஒரு குழந்தைக்கு வலிப்பு. வாகனம் கேட்டு யோகன் அண்ணன் கூப்பிட்டிருக்கார். ஆரும் எடுக்கல்ல. கடைசியில பிள்ளையை மோட்டசைக்கிள்ள வச்சுக்கொண்டு ஓடியிருக்காங்க. நல்ல காலம், பிள்ளை தப்பிட்டு.

அடுத்த நாள் ஒஃபிஸ் பெரியவர் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிச்சார்.

"நான் கூப்பிட்டுக்கொண்டேதான் சேர் இருந்தன். தொண்டை வத்திப்போச்சு" எண்டார் யோகன் அண்ணன்.

பெரியவர் என்னப் பாத்தார். "உங்கட செட் ஓகேயா?"

"ஓம் சேர்."

கொழும்பும் எடுபடல்ல எண்டு நான் சொல்லல்ல. நாந்தான் செட்டைப் பழுதாக்கினன் எண்டு வேலையால நிப்பாட்டிடுவாங்க எண்ட பயம். யோகன் அண்ணன்தான் செட்டை ஓஃப் பண்ணிட்டுப் படுத்திட்டார் எண்டு முடிவாச்சு. அவருக்கு வேலை போச்சு.

வெளிய போகக்குள்ள கேட்டார்: "நான் கூப்பிட்டன் புள்ள. உனக்குக் கேக்கல்லயா?"

நான் திரும்பிப் போய் ஹெட்போனைப் போட்டுக்கொண்டன்.

மறுவருசம் கதிரவெளி, வாகரைப் பக்கமெல்லாம் சண்டை. சனம் திக்குத்திக்கா இடம்பெயர்ந்து போச்சு. எல்லாம் ஓய்ஞ்ச பிறகு கதிரவெளிக்கு ரெண்டு தரம் போய்க் கேட்டன். அவர் எங்கயெண்டு ஒருத்தருக்கும் தெரியல்ல.

போன கிழமை மகள் பாடத்துக்கு ஒரு வீடியோ பாத்துக்கொண்டிருந்தா. சூரியன்ட மேல காந்தக் கோடுகள் முறுகி முறுகி, தாங்கேலாம அறுந்து வேற விதமா ஒட்டிக்கொள்ளுமாம். அப்ப வெடிச்சுப் பாயுறதுதான் சோலார் ஃபிளேர். அதில வார எக்ஸ் கதிர் எட்டு நிமிசத்தில இங்க வந்திடும். வந்து பட்டா, மேல வானத்தில ரேடியோ அலையெல்லாம் உறிஞ்சப்பட்டுப் போயிடுமாம். பகலா இருக்கிற பக்கம் மட்டும் ஷோட்வேவ் ரேடியோ கொஞ்ச நேரம் செத்துப்போகும். மறுகா தானா வரும்.

எங்கட செட்டும் ஷோட்வேவ்தான். நெட்ல தேடிப் பாத்தன். அந்த நாள், அந்த நேரம் ஒரு பெரிய ஃபிளேர்... சரியாப் பொருந்துது.

இப்ப கனடாவில இருக்கிற தம்பியோட முகம் பாத்துக் கதைக்கிறன். கதிரவெளியிலயும் ஆளுக்கொரு ஃபோன். இவ்வளவு வந்தும் அந்த மனிசனுக்கு ஒரு சொல்லுச் சொல்ல எனக்கு வழியில்ல.

அவரைத் தெரிஞ்ச ஆராவது இதை வாசிச்சா, தயவு செஞ்சு சொல்லுங்க... அவர் அண்டைக்குக் கூப்பிட்டது உண்மை. பொய் சொன்னது நான்.