தீ வைத்தவனைக் காட்டும் என்று ஜெபித்தேன்

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு முந்திய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மட்டக்களப்பு புளியந்தீவில் நான் வாடகைக்கு எடுத்து நடத்திய லோண்டரி, துணி வெளுத்து அயன் பண்ணும் கடை, எரிந்தது. கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் நான் எப்படிப்பட்ட மனிதனாக மாறிப்போனேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்தச் சபையில் இருக்கிற சிலருக்கு அது தெரியும். உங்களையும் நான் விட்டுவைக்கவில்லை.

அன்று கல்லடியில் ஒரு விடுதிக்குப் படுக்கை விரிப்புகளைக் கொடுத்துவிட்டு, பாலத்தைக் கடந்து திரும்பும்போதே புகை தெரிந்தது. என் கடையாக இருக்காது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூரை உள்ளே விழுந்துவிட்டது. தீர்த்தத்துக்குப் போகிறவர்கள் வெளுக்கத் தந்திருந்த வேட்டிகள் எல்லாம் கரியாகிக் கிடந்தன.

அயன் பெட்டியை நிறுத்திவிட்டா போனீர்கள் என்று பொலிசார் கேட்டார்கள். ஓம், நிறுத்திவிட்டுத்தான் போனேன் என்று யோசிக்காமல் சொன்னேன். அந்த நேரம் நானும் அதை நம்பினேன்.

கட்டிடம் காத்தான்குடி ஹாஜியார் ஒருவருடையது. துணி வியாபாரி. தீப்பிடிக்க இரண்டு மாதத்துக்கு முன் ஒருவரைக் கூட்டி வந்து சுவர்களை அளந்தார். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றார். தீப்பிடித்த பிறகு காப்புறுதிக் கம்பனி அவருக்குச் சுணங்காமல் பணம் கொடுத்தது. அடுத்த மாதமே வாசலில் மண்ணும் கல்லும் வந்து இறங்கின. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. பழையதை எரித்துப் புதியதைக் கட்டுகிறார். தேநீர்க் கடைகளில் நம்முடைய ஆட்கள் முஸ்லிம் ஆட்களைப் பற்றிப் பேசுகிற பேச்சு ஒன்று உண்டல்லவா, அதற்கு நான் ஒருபோதும் வாய் கொடுத்ததில்லை. இப்போது நானே அதைப் பேசினேன்.

பிறகு எனக்கு ஒரு கடிதம் வந்தது. காப்புறுதிக் கம்பனியின் சட்டத்தரணி அனுப்பியிருந்தார். தீ என்னுடைய கவனயீனத்தால் வந்ததாம். ஆகவே கட்டிடச் சொந்தக்காரருக்குத் தாங்கள் கொடுத்த முழுத் தொகையையும் நான் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். வீட்டை விற்றாலும் அது முடியாது. ஹாஜியாரும் கம்பனியும் சேர்ந்துதான் இதைச் செய்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

சந்தேகம் ஒருவரோடு நிற்கவில்லை. பக்கத்துப் போன் கடைக்காரர் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினால், இவனுக்கும் பங்கு உண்டு என்று நினைத்தேன். சபையில் ஒரு சகோதரர் அக்கறையாகத்தான் கேட்டார், அயன் சூடாக இருந்ததா என்று. கம்பனி அனுப்பிய ஆள் என்று நினைத்து அவரோடு பேசுவதை விட்டேன். போதகர் உண்மையைப் பற்றிப் பிரசங்கித்தால், எனக்காகவே பேசுகிறார் என்று பாதியில் எழுந்து போனேன்.

ஏழு நாள் உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, தீ வைத்தவனை வெளியே கொண்டு வாரும் என்பதே என் ஜெபம். வானம் இரும்பாக இருந்தது. ஒரு பதிலும் இல்லை.

ஏழாம் நாள் காலை, ஜெபம் முடித்து எழும்பியபோது என் மனைவி செல்வி பக்கத்தில் வந்து இருந்தாள்.

"நீங்க ஜெபிக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் அந்த ஹாஜியார்ர பேரத்தான் சொல்றீங்க. உதவி கேக்கிறீங்களா, அந்த மனிசனப் பிடிச்சித் தரச் சொல்லிக் கேக்கிறீங்களா?" என்றாள். மறுபடியும் மெல்லக் கேட்டாள். "உண்மையா அயன நிப்பாட்டினீங்களா?"

கோபம் வந்தது. இவளுமா என்று நினைத்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லுமுன் தீப்பிடித்த அன்று மதியத்தை நினைத்துப் பார்த்தேன். விடுதியிலிருந்து போன் வந்தது. விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அயனை நிறுத்தும் ஆளியில் கை வைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

முழங்காலில் விழுந்தேன். "எனக்குத் தெரியாது ஆண்டவரே" என்றேன். அத்தனை நாள் ஜெபத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். அழுதேன். பல நாளுக்குப் பிறகு அன்று பயம் இல்லாமல் சாப்பிட்டேன்.

மறுநாள் ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனோம். அவர் முதலில் கேட்டது வாடகை ஒப்பந்தத்தை. என்னுடைய பிரதி கடையோடு எரிந்துவிட்டது. இன்னொன்று ஹாஜியாரிடம் இருக்கிறது, அவர் தர மாட்டார் என்றேன். கேட்டுப் பார்த்தீர்களா என்றார். நான் கேட்டதே இல்லை.

அன்று பின்னேரம் காத்தான்குடிக்குப் போனேன். அவருடைய வீட்டுக் கதிரையில் அமர்ந்ததும், எதையும் மறைக்கக் கூடாது என்று மனதில் ஒரு ஏவுதல். அயனை நிறுத்தினேனா என்பது எனக்கே தெரியாது என்று சொன்னேன். அவர்தான் தீ வைத்திருப்பார் என்று ஊரெல்லாம் பேசித் திரிந்ததையும் சொன்னேன்.

ஹாஜியார் தன் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"எனக்கும் உன்னிலதான் தம்பி சந்தேகம் இரிந்திச்சி," என்றார். "கொம்பனிக்காரன் ஒரு தாளோட வந்தான். நீ கவனமில்லாம இரிந்தாய் எண்டு கையொப்பம் வைக்கட்டாம். சந்தேகம் இரிக்கி எண்டதுக்காக, நான் கண்ணால காணாததுக்கு எப்பிடிக் கையொப்பம் வைக்கிற? அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லணும். வைக்கல்ல."

சுவரை அளந்தது, இரண்டு மகள்மாருக்கும் அந்த இடத்தைப் பிரித்து எழுதிக் கொடுக்கவாம். சொல்லிவிட்டு உள்ளே போய் ஒப்பந்தத்தை எடுத்து வந்து என் கையில் தந்தார்.

அதில் நான் வாசிக்காமலே கையெழுத்து வைத்த ஒரு வாசகம் இருந்தது. கட்டிடத்துக்குத் தீக் காப்புறுதியை ஹாஜியார் எடுப்பார், கட்டணத்தில் பாதியை நான் கட்ட வேண்டும். தீ என் கவனயீனத்தாலேயே வந்தாலும், கட்டிடச் சேதத்தைக் காப்புறுதிப் பணத்தில்தான் திருத்த வேண்டும், என்னிடம் கேட்க முடியாது. சட்டத்தரணி அதை இரண்டு தரம் வாசித்தார். கம்பனி ஹாஜியாரின் இடத்தில் நின்றுதான் உங்களிடம் கேட்கிறது, அவரே கேட்க முடியாததை அவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்றார். எங்கள் பேச்சு அப்படித்தான் இருந்தது என்று ஹாஜியார் சத்தியக் கடதாசியும் எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்தார்.

கம்பனி இலேசில் விடவில்லை. இரண்டு தரம் மறுத்து எழுதியது. மூன்றாவது கடிதத்தில், என்மேல் வைத்த கோரிக்கையைக் கைவிடுவதாக எழுதியிருந்தது. செல்வி அதை வாசித்தாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் வீடு எங்களிடமே இருந்தது. தேவனுக்கு மகிமை.

பொலிஸ் நிலையத்துக்குப் போய், அயனை நிறுத்தினேன் என்று சொன்ன வாக்குமூலத்தைத் திருத்தினேன். போன் கடைக்காரரிடமும் அந்தச் சகோதரரிடமும் மன்னிப்புக் கேட்டேன். இன்று அதே இடத்தில், ஹாஜியாரின் மூத்த மகளின் பங்கில், என் லோண்டரி நடக்கிறது. தீ எப்படி வந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. நான் கேட்ட அந்த ஒன்றைக் கர்த்தர் எனக்குக் காட்டவே இல்லை.

உங்களில் யாராவது ஒருவருடைய பெயரைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறவர்களாக இருந்தால், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பெயரை ஒரு நாள் விடுங்கள். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று அவரிடம் சொல்லுங்கள். பிறகு அந்த மனிதனுடைய வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். நான் பயந்துகொண்டுதான் தட்டினேன். கர்த்தர் எனக்கு வைத்திருந்த உதவி அந்த வீட்டுக்குள்தான் இருந்தது.