எஸ்க் என்னும் வால்

ஆங்கிலச் சொற்களுக்குப் பின்னால் ஒட்டும் வால்களைப் பிள்ளைகளுக்கு நடத்துவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. சைனா சைனீஸ் ஆகும், இத்தாலி இத்தாலியன் ஆகும், ஸ்பெயின் ஸ்பானிஷ் ஆகும். இவை ஆட்களுக்கும் மொழிக்கும். ஒன்றைப் போலவே ஜோடித்த பாணிக்கு 'எஸ்க்' (esque) என்று ஒரு வால் உண்டு. அந்தப் பாடம் வந்தாலே இப்போதெல்லாம் எரிச்சலோடு பக்கத்தைத் தள்ளிவிடுகிறேன்.

காரணம், அண்ணன் மகளின் கல்யாண வரவேற்பு. அண்ணன் காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில் ஃபைபர் போட்டில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். மாப்பிள்ளை வீட்டாரும் காரைக்கால்காரர்கள்தான், பிரான்ஸில் குடியேறிவிட்டவர்கள். வரவேற்பு அவர்கள் பொறுப்பு. அதற்கென்று சென்னையிலிருந்து ஒரு டெக்கரேஷன்காரனைக் கூட்டி வந்திருந்தார்கள். மேடையில் பிளைவுட் படகு, தண்ணீரே படாத நீல வலை, சாயம் பூசிய கிளிஞ்சல் தோரணம்.

"ஃபிஷர்மனெஸ்க் தீம் சார், எப்படி?" என்றான் அவன்.

வாடை அடிக்காத மீனவர் வாழ்க்கை! மாப்பிள்ளையின் அம்மா அந்த வலையைத் தடவித் தடவிப் பூரித்துப் போனார். எனக்கு அருவருப்பாக இருந்தது. கல்யாண வீட்டில் எதற்கு வம்பு என்று வந்தவர்களை வரவேற்கப் போய்விட்டேன்.

குடும்பப் படம் எடுக்கும்போது அந்த டெக்கரேஷன்காரன் என்னை ஓரமாக அழைத்தான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணோட அப்பா வெயில்ல கறுத்து ஒரு மாதிரி இருக்காரு. தீமுக்கு ஒட்டல. மாப்பிள்ளை வீட்டுலயும் ஃபீல் பண்றாங்க. அவர் இடத்துல நீங்க நில்லுங்களேன்."

மீனவர் தீமுக்கு மீனவர் ஒட்டவில்லையாம். தூ!

பக்கத்திலேயே பட்டு வேட்டியில் நின்ற அண்ணன் அதைக் கேட்டுவிட்டார். "நீயே நில்லு தம்பி. பொண்ணு நல்லா இருந்தா போதும், எனக்கென்ன" என்று மேடையை விட்டு இறங்கப் போனார்.

மகள் அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். "அப்பா நிக்கலன்னா எனக்குப் போட்டோவே வேணாங்க" என்றாள் மாப்பிள்ளையிடம். அவரும் தலையாட்டினார். படம் எடுத்தார்கள். நான் நிம்மதியாகப் பந்திக்குப் போனேன்.

போன வாரம் ஆல்பம் வந்தது. வலை முழுசாக இருக்கிறது. பிளைவுட் படகும் மூக்குக் குறையாமல் இருக்கிறது. ஓரத்தில் நின்ற அண்ணனை வெட்டிவிட்டிருக்கிறார்கள், நாசமாய்ப் போகிறவர்கள். மகளின் தோளில் கயிறு இழுத்துக் காய்த்துப்போன ஒரு கை மட்டும் மிச்சம்.

அண்ணன் அந்தக் கையைத் தொட்டு, "இதான் நான்" என்று அண்ணிக்குக் காட்டினார்.