வளையல் போட வந்த கைகள்

பாரிசில் வயிறு தெரியும் பெண்ணை யாரும் தொடுவதில்லை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பிரசவம் பார்க்கும் அம்மாவுக்கு இங்கே சாஜ்ஃபாம் என்று பெயர். அவர்கூடக் கையைத் தேய்த்துச் சூடாக்கி, கேட்டுவிட்டுத்தான் தொடுவார். போன வாரம் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டார். வீட்டுக்காரர்தான் தமிழில் சொன்னார். "இருக்குது" என்றேன். இன்னும் ஏதோ வரும் என்று அந்த அம்மா காத்திருந்தார். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது பயந்தாயா என்றார். "ஊரே காய்ச்சல்ல கெடந்துது. நான் சிரிச்சேன்" என்றேன். இவர் அதை எப்படிச் சொன்னாரோ, அந்த அம்மா மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் விலாசத்தைக் கொடுத்து அனுப்பினார்.

அது சிக்குன்குனியா வந்த வருஷம். வீட்டுக்காரர் வேலைக்காக முன்னமே பாரிஸ் வந்துவிட்டார். நான் மரக்காணத்தில் அம்மா வீட்டில். எங்கள் தெருவில் எல்லாரும் உப்பளத்து ஆட்கள். நாளெல்லாம் உப்பு வாரிய கைகள் டம்ளரைத் தூக்க முடியாமல் கிடந்தன. எனக்கு ஏழாம் மாசம். காய்ச்சல் எனக்கு வந்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "தெரியலம்மா. கொசு கடிக்காம பாத்துக்கோ" என்றார் நர்ஸ். அந்தத் 'தெரியல' நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. கொசுவலைக்குள்ளேயே கிடந்தேன். வளைகாப்பு வேண்டாம் என்றேன். அம்மா கேட்கவில்லை.

பெண்கள் வந்தார்கள். ஒரு கை இடுப்பில், ஒரு கை சுவரில், காலை அகட்டி அகட்டி. தெருவே நிறைமாசமாக நடந்து வந்தது. நேராக நடந்தவள் நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டு ராணி அக்கா வாசலில் நின்று, "ஏண்டி, சொமக்குறது நீ, இடுப்பு வலி எங்களுக்கா?" என்றது. உட்கார்ந்தால் எழ முடியாது என்று நின்றபடியே சந்தனம் பூசினார்கள். வளையலைப் பிடிக்க யாருக்கும் விரல் மடங்கவில்லை. அக்கா இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வளையலை அணைத்துப் பிடிக்க, நானே கையை நுழைத்தேன். டக்கென்று ஒரு சத்தம். வளைகாப்பில் வளையல் உடைந்தால் ஆகாது என்பார்கள். அம்மா முகம் வெளுத்துவிட்டது. எனக்கு நர்ஸ் சொன்னது காதில் கேட்டது. அக்கா குனிந்து வளையலைப் பார்த்தது.

"வளையல் முழுசாத்தான் இருக்குது. சத்தம் போட்டது என் மணிக்கட்டுடி."

முதலில் சிரித்தது அம்மாதான். அப்புறம் எல்லாரும். "சிரிக்க வைக்காதடி, முட்டி உயிர் போவுது" என்று முனகிக்கொண்டே சிரித்தார்கள். நான் சிரித்ததில் ஒன்றுக்கு அடக்க முடியாமல் சேலை நனைந்துவிட்டது. உள்ளே புள்ள உதைத்தது.

எட்டாம் மாசம் எனக்கும் காய்ச்சல் வந்தது. சுவரைப் பிடித்து நடந்தேன். "வா வா, இப்பதான் நீ எங்க செட்டு" என்றது அக்கா. பிரசவம் வரைக்கும் பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்குத் துணை இருந்தது. மகள் அழுதுகொண்டே பிறந்தாள். என் விரலைக் கெட்டியாகப் பிடித்தாள். அன்றைக்கு எங்கள் தெருவில் விரல் மடங்கிய ஆள் அவள்தான்.

இங்கே எல்லாரும் நேராக நடக்கிறார்கள். பயம் இங்கேயும் வருகிறது. வந்தால் ராணி அக்காவுக்குப் போன் போடுவேன். "இதுக்கு வளையல் யாருடி போடுவா, வெள்ளக்காரியா?" என்றது நேற்று. சமையல்கட்டில் தனியாக நின்று சிரித்தேன். உள்ளே இருப்பது திரும்பிப் படுத்தது. மரக்காணம் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. போனைக் காதிலிருந்து எடுத்து வயிற்றில் வைத்தேன். அக்கா பேசிக்கொண்டே இருந்தது.