சொல்லிவிட்டுப் போகிறவள்

வாசல் கதவில் கை வைத்த அஃப்ஷாவை, பிள்ளை பார்க்க வரும் முத்துமாரி விடவில்லை. இடுப்பில் குழந்தை ரோஷனை வைத்துக்கொண்டு கதவை மறித்து நிற்கிறாள். “மேடம், இதென்ன களவாணித்தனம்? ஒளிஞ்சு போனா பிள்ளை நாள் பூரா வாசலையே பாத்துக்கிட்டு இருக்கும். மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க. அழுதா அழுதுட்டுப் போறான்.”

அந்தேரியில் ஒரு ஆபீஸில் ஒரு பிரிவையே கட்டி மேய்க்கிறவள் அஃப்ஷா. இவளிடம் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திரும்பி வந்து, “உம்மா ஆபீஸ் போயிட்டு வரேன், ராஜா” என்கிறாள். ரோஷன் செம்பூர் முழுக்கக் கேட்கும்படி அலறுகிறான். லிஃப்ட் கீழே இறங்குவதற்குள் அலறல் நின்றுவிடும். முத்துமாரி ஜன்னலில் காக்காய் காட்டிக்கொண்டிருப்பாள்.

பிள்ளை பார்ப்பதில் அவளுக்கு இப்படி எத்தனையோ கறார். போனைக் காட்டிச் சோறூட்ட மாட்டாள். தாலாட்டு தெரியாது; தான் வருகிற வழியில் உள்ள ஸ்டேஷன்களையே ராகம் போட்டுப் பாடுவாள். சுனாபட்டி, குர்லா, திலக் நகர்... செம்பூர் வருமுன் ரோஷன் தூங்கிவிடுவான். ‘நீ எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி’ என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. “வீட்டாளுக்கு ஏது பகார்? எனக்கு மாசம் பொறந்தா பகார் வேணும், ஞாயித்துக்கெழம சுட்டி வேணும். உங்க ஆபீஸ்ல உங்களுக்குக் குடுக்காங்கல்லா?” சம்பளமும் லீவும் அவள் வாயில் பம்பாய்ப் பேச்சாகப் பகாரும் சுட்டியுமாகத்தான் வரும்.

இவ்வளவும் பேசுகிறவள், தன் மகளிடம் மட்டும் தினமும் களவாணியாகத்தான் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே, ஏணி வைத்த மாடி அறை. ஏழு மணிக்குச் செம்பூரில் நிற்க வேண்டுமானால் இருட்டோடு இறங்கியாக வேண்டும். மூன்று வயது இசக்கி, அம்மாவின் முந்தியைச் சுருட்டிப் பிடித்தபடி தூங்குவாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கைக்குள் தலையணை உறையைத் திணித்துவிட்டு முத்துமாரி நழுவுவாள். அப்புறம் பட்டறைக்குப் போகும் புருஷன் வேல்ராஜ், மகளைத் தூக்கத்தோடு அள்ளிப்போய்ப் பக்கத்து வீட்டு பானுமதியிடம் விடுவான். கண் விழித்தால் அம்மாவும் இல்லை, வீடும் வேறு. இசக்கி அழ மாட்டாளாம். வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். பானுமதி இதைச் சொன்ன அன்று முத்துமாரிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் மழைக்கு முந்தி ஒரு நாள் அஃப்ஷா சோர்ந்துபோய் உட்கார்ந்தாள். “முத்துக்கா, வீட்டு லோன் போக, உங்க பகார் போக, கையில ஒண்ணுமே நிக்கல. வேலையை விட்டுறலாம்னு பாக்கறேன்.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவள் வேலை போனால் இவள் வேலையும் போகும். முத்துமாரி பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு வந்துதான் வாயைத் திறந்தாள்.

“மேல் வீட்டு சாரும் கைப்பிள்ளைக்கு ஆள் தேடுதாரு. அந்தப் பிள்ளையும் இங்க வரட்டும். ரெண்டு வீடும் சேந்து குடுங்க. உங்களுக்கும் கொறையும், எனக்கும் கூடும். ரெண்டு பிள்ளைக்கு ஒத்தப் பகார்னா மட்டும் நடக்காது, ஆமா.”

மேல் வீட்டு வேங்கடசுப்ரமணியன் தமிழர்கள் நிறைந்த மாதுங்காவில் வளர்ந்தவர். பேச உட்கார்ந்ததுமே, “கொஞ்சம் கொறச்சுக்கப்படாதாம்மா?” என்று ஆரம்பித்தார். “வெண்டைக்காயா சார் வாங்குதீய?” என்றாள் முத்துமாரி. மனிதர் சிரித்துவிட்டார். பழைய சம்பளத்தில் ஆளுக்கு முக்கால் பங்கு, அவள் கைக்கு ஒன்றரை மடங்கு என்று முடிவாயிற்று. மழையில் ரயில் நின்றால் பகார் பிடிக்கக் கூடாது என்றாள், அதற்கும் சரி. கடைசியில் ஒன்று கேட்டாள் பாருங்கள், அங்கேதான் இடித்தது: “இனிமே எட்டு மணிக்குத்தான் வருவேன்.”

“ஏழரைக்கு நான் ட்ரெயின் பிடிக்கணுமே!” என்று பதறினாள் அஃப்ஷா. பணத்தை வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் கூட்டலாமே என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

“பணம் பேசுனது போதும் மேடம். எம்பிள்ள முழிக்கது ஆறரை மணிக்கு. அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டு வரணும். ஒங்களுக்குச் சொல்லுதேன்லா, எனக்கு வேண்டாமா?”

“எனக்கு ஆபீஸ் பத்து மணிக்குத்தான்,” என்றார் வேங்கடசுப்ரமணியன். “முத்துமாரி வர்ற வரைக்கும் ரோஷனையும் நானே பாத்துக்கறேன்.”

“சாருக்கு ஜட்டி மாத்தத் தெரியுமா?”

“கத்துக்கறேன்.”

வீட்டுக்கு வந்த கையோடு, இசக்கியைப் பார்த்துக்கொள்ளப் பானுமதிக்குத் தருவதையும் ஒன்றரை மடங்காக்கினாள். “அவ வாய் தெறந்து கேக்க மாட்டா. அதுக்காவ விட்டுற முடியுமா?” என்று வேல்ராஜை ஒரு அதட்டு அதட்டினாள்.

புது ஏற்பாட்டின் முதல் காலை. இசக்கி விழித்து, சாயாவில் பாவ் ரொட்டி தோய்த்துத் தின்று, அம்மா கையால் ரெட்டைச் சடையும் போட்டுக்கொண்டாள். பானுமதி வீட்டு வாசற்படியில் முத்துமாரி குந்தினாள். “அம்மா வேலைக்குப் போயிட்டு வாரேன், என்னட்டி? தெருவுல லைட்டு போடுத நேரம் வந்துருவேன்.”

இசக்கி முந்தியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு போட்டாளே ஒரு கூப்பாடு, சந்தே எட்டிப் பார்த்தது. “நேரமாவுது, கையப் பிரிச்சு விட்டுட்டுக் கெளம்பு” என்றான் வேல்ராஜ். முத்துமாரியின் கை பழக்கத்தில் அந்த விரல்களிடம் போனது. சட்டென்று கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

இசக்கி அழுது முடித்தாள். அந்த முந்தியிலேயே மூக்கைத் துடைத்தாள். பிறகு தானே விரல்களைப் பிரித்து, அதை அம்மாவின் மடியில் போட்டாள்.